பெண்கள் ஏறக்கூடாத பனங்குதிரை

(இது ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம். "அது வந்து", "என்னன்னா" எல்லாவற்றையும் பாதிக்கு மேல் குறைத்திருக்கிறோம். பேச்சு நடை போகாமல் இருக்க மீதியை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ரெக்கார்டிங் நடுவுல ரெண்டு தடவை ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல போகும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம்காரங்களுக்குப் பழகின சத்தம். மத்தவங்க பொறுத்துக்கோங்க.

போன வாரம் வேளச்சேரி மெயின் ரோட்டில் ஒரு நுங்கு வண்டிப் பக்கம் நின்றேன். நிழலுக்காக ரெண்டு பனை ஓலையை மட்டையோடு வண்டியில் செருகி வைத்திருந்தார். நான் சும்மா மட்டையைப் பிடிக்கப் போனேன். "தம்பி, கருக்கு இருக்கு, கை கிழிஞ்சிடும்" என்றார். உற்றுப் பார்த்தால் உண்மைதான். மட்டையின் ரெண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி பல்.

இந்த மட்டையில் குதிரை செய்து, அதில் ஏறி உட்கார்ந்து, காதலுக்காக ஊர்வலம் போவதாகச் சொன்னவர்கள் நம்ம ஊரில் இருந்தாங்க. அதுக்குப் பேர் மடல் ஏறுதல். இன்றைய அத்தியாயம் அந்தக் குதிரையைப் பற்றி. குறிப்பா, அதில் ஏறவே கூடாது என்று சொல்லப்பட்ட ஒருத்தி ஏறுவேன் என்று கிளம்பியதைப் பற்றி. அவள் கிளம்பும்போது பழைய காதல் கதைகளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். அவற்றை இருந்தபடியே கூப்பிடவில்லை. எப்படி மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்பதுதான் இன்னைக்கு விஷயம். நடுவில் என் வீட்டுக் கதையும் கொஞ்சம் வரும். தங்கச்சியிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

குதிரையும் விதியும்

முதலில் சங்கக் கவிதைகளில் மடல் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒருத்தன் ஒருத்தியை விரும்புகிறான். தோழி வழியாகத் தூது விடுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மிரட்டுகிறான். பனை மட்டையில் குதிரை செய்வேன், யாரும் சூடாத எருக்கம்பூவை மாலையாகப் போட்டுக்கொள்வேன், தெருவில் போவேன், ஊர் சிரிக்கட்டும் என்கிறான். அவன் மானம் போகும், அவள் பெயரும் சேர்ந்து வெளியே வரும். அதுதான் மிரட்டலின் பலம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இது பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடுகிறது. கலித்தொகையில்தான் நிஜமாகவே ஏறி வந்தவனைப் பார்க்கிறோம். மடல் பாடிய மாதங்கீரனார் என்று ஒரு புலவருக்கே பெயர் வைக்கும் அளவுக்கு இந்த விஷயம் பிரபலம்.

ஆனா ஒரு விதி உண்டு. பெண் மடல் ஏறக் கூடாது. தொல்காப்பியம் அகத்திணையியலில் இது இருக்கிறது: எந்தத் திணையிலும் பெண் மடல் ஏறுவதாகப் பாடுவது அழகான நெறி இல்லை. திருக்குறளில் 114ஆவது அதிகாரம் நாணுத்துறவுரைத்தல். அங்கே 1137ஆவது குறள் இதையே பாராட்டு மாதிரிச் சொல்கிறது. கடல் அளவு காமம் இருந்தாலும் மடல் ஏறாமல் இருக்கிறாளே, பெண்ணைப் போலப் பெருமை யாருக்கு உண்டு என்கிறது.

கவனிச்சீங்களா? அவளுக்கு ஆசை இல்லை என்று யாருமே சொல்லவில்லை. கடலளவு இருக்கு என்று ஒப்புக்கொள்கிறார்கள். வாயைத் திறந்து வெளியே சொல்லாதே என்பதுதான் விதி.

இப்போ என் வீட்டுக்கு வரேன். என் தங்கச்சி ஒருத்தரை விரும்புகிறாள். எனக்கு முதலிலேயே தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ எதுவும் பேசாத, நேரம் பார்த்து நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்." பொறுப்பான அண்ணன் டயலாக். எட்டு மாசம் ஆச்சு. நேரம் வரவே இல்லை. ஸ்பிரின்ட், ரிலீஸ், ஆன்கால் என்று ஏதோ ஒரு காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு நடுவில், அவளே சொல்லிவிட்டாள். அத்தை அன்று வீட்டில் இருந்தார். அவர் முதலில் கேட்டது பையன் யாரு, என்ன பண்றான் என்றெல்லாம் இல்லை. "பொண்ணு நீயே வந்து இதைச் சொல்லலாமா? அண்ணன் எதுக்கு இருக்கான்?"

தொல்காப்பியத்தை அத்தை படித்ததில்லை. விதி மட்டும் அவருக்கு மனப்பாடம்.

கேட்டேன், ஏற்கவில்லை

சங்கக் கவிதைகளுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வருகிறார் திருமங்கை ஆழ்வார். சீர்காழிப் பக்கம் திருக்குறையலூரில் பிறந்தவர். அவர் காலத்தைப் பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு என்பார்கள். படைத்தலைவராக இருந்தவர். குமுதவல்லி என்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக அவள் போட்ட நிபந்தனையை ஏற்று, அடியார்களுக்குச் சாப்பாடு போட வழிப்பறியே செய்தார் என்று வைணவ மரபில் ஒரு கதை உண்டு. காதலுக்காக ஊர் வழக்கத்தை உடைப்பது அவருக்குப் புதுசு இல்லை போல.

அவர் இரண்டு மடல் பாடியிருக்கிறார்: சிறிய திருமடல், பெரிய திருமடல். இரண்டும் கலிவெண்பா. ஒன்று முழுக்க ஒரே எதுகை. தொடங்கிய எதுகையைக் கடைசி அடி வரைக்கும் விடுவதில்லை. ராப் கேட்கிறவர்கள் ஒரு தடவை சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள், அந்த வேகம் உடனே புரியும்.

இரண்டிலும் பேசுகிறது ஒரு பெண். அவள் காதலிப்பது திருமாலை. அவன் வரவில்லை. அதனால் மடல் ஏறுவேன் என்கிறாள்.

இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். விதி தெரியாத மாதிரி அவள் தாண்டிப் போகவில்லை. பெரிய திருமடலில் நேராகவே எடுத்துச் சொல்கிறாள். பெண்கள் மடல் ஏற மாட்டார்கள் என்று தென்னாட்டுப் பேச்சில் ஒன்று உண்டு, கேட்டிருக்கிறேன், அதை நான் ஏற்கவில்லை, எனக்கு வடக்கத்தி வழிதான் வேண்டும். சாஃப்ட்வேர் ஆட்கள் பாஷையில் சொன்னால், பழைய கோடை சத்தமில்லாமல் டெலிட் பண்ணவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கமென்ட் அவுட் பண்ணிவிட்டு, பக்கத்தில் காரணமும் எழுதி வைக்கிறாள்.

அந்தக் காரணம்தான் பழைய கதைகளின் வரிசை.

வரிசையில் நிற்கும் பெண்கள்

பெரிய திருமடலில் ஐந்து பேர் வருகிறார்கள்.

முதல் ஆள் சீதை. கல்லும் வெயிலும் நிறைந்த காட்டில் ராமன் பின்னால் நடந்து போனாளே, அவள் ஒரு பெண்தானே என்கிறாள்.

இரண்டாவது வேகவதி. இந்தக் கதை இன்று நம்ம வீடுகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மடல் சொல்வது இவ்வளவுதான்: அவளைக் காதலனிடமிருந்து பிரித்து அவள் அண்ணன் கூட்டிக்கொண்டு போகிறான். அவள் அண்ணனைப் பொருட்படுத்தாமல், அதட்டி விலக்கிவிட்டு, போர்க்களத்திலேயே காதலன் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாள். எட்டு மாசம் வாய் திறக்காத ஓர் அண்ணனுக்கு இதைப் படிக்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

மூன்றாவது உலூபி, நாக அரசன் மகள். அர்ஜுனனைப் பார்க்கிறாள், பிடித்துப்போகிறது, தன் ஊருக்கே கூட்டிப் போய்விடுகிறாள். நான்காவது உஷை, வாணாசுரன் மகள். உயிர்த்தோழி உதவியோடு அநிருத்தனைத் தன்னிடமே வரவழைக்கிறாள். ஐந்தாவது உமை. நகையையும் அலங்காரத்தையும் விட்டுத் தவம் செய்து சிவனை அடைகிறாள். பாடுகிறவர் வைணவர். ஆனாலும் சிவன் மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட அவருக்குத் தயக்கமே இல்லை. கேஸ் ஜெயிக்கணும், அவ்வளவுதான்.

சிறிய திருமடலில் ஆறாவதாக ஒருத்தி, வாசவதத்தை. இவள் கதையில் மாற்றம் நன்றாகத் தெரிகிறது. வழக்கமான உதயணன் கதையில் பொய் யானையைக் காட்டி உதயணனைச் சிறைப்பிடிக்கிறார்கள். அவன் இளவரசிக்கு வீணை கற்றுக்கொடுக்கிறான். மந்திரி யூகி திட்டம் போடுகிறார். இருவரும் பெண் யானை மேல் ஏறித் தப்பிக்கிறார்கள். தமிழில் கொங்குவேளிரின் பெருங்கதை இந்தக் கதைதான். மடலில் மந்திரி இல்லை, திட்டம் இல்லை, யானையும் இல்லை. தோழிகள் கூட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு, காலில் விலங்கு போட்ட ஒருவன் பின்னால், பெரிய தெருவில், எல்லாரும் பார்க்க நடந்து போகிறாள். ஊர் அவளைப் பழித்ததா என்று கேட்கிறாள் நம்ம ஆள்.

மாற்றத்தின் கணக்கு புரியுதா? மந்திரியும் யானையும் இருந்தால் அது ராஜதந்திரக் கதை. இரண்டையும் எடுத்துவிட்டால் முடிவெடுத்தவள் அவள் மட்டும்தான். அதோடு மடல் ஏறுகிறவளும் தெருவில்தானே போகப்போகிறாள்? அதனால் வாசவதத்தையும் தெருவில் இறங்குகிறாள்.

மற்ற ஐந்து பேரையும் இதே கண்ணில் பாருங்க. ஒவ்வொரு கதையும் ஒரே இடத்தில் நிற்கிறது. சீதை காட்டுக்கு நடக்கிறாள், கட். ராவணன் இல்லை, நெருப்பு இல்லை. உஷையிடம் அநிருத்தன் வந்து சேர்கிறான், கட். அப்புறம் நடக்கிற போர் இல்லை, அவள் அப்பாவின் கைகள் வெட்டப்படுவது இல்லை. உலூபி கூட்டிப்போகிறாள், கட். அவள் கிளம்பின நொடி வரைக்கும்தான் கதை.

ட்ரியரில் ஒரு கனவு

இந்த மாதிரி வரிசை கட்டுவது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. திருமங்கைக்கு ஏறத்தாழ 400 வருஷத்துக்கு முன்னால், 4ஆம் நூற்றாண்டில், அவ்சோனியஸ் என்று ஒரு லத்தீன் கவிஞர். இன்றைய பிரான்ஸின் போர்தோ ஊர்க்காரர், வாத்தியார், ரோமப் பேரரசர் கிராஷியனுக்கே பாடம் நடத்தியவர். ட்ரியர் நகரத்தில் ஒரு வீட்டின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஓர் ஓவியத்தைப் பார்த்து, அதைக் கவிதை ஆக்கினார்.

விர்ஜிலின் காவியத்தில் பாதாள உலகத்தில் ஒரு பகுதி காதலால் செத்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அவ்சோனியஸ் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறார். டைடோ, ஃபீட்ரா, திஸ்பி என்று வெவ்வேறு கதைகளில் செத்த பெண்கள் எல்லாம் அங்கே ஒன்றாக இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தெரியாமல் வந்துவிடுகிறான் க்யூபிட், அவங்க ஊர் மன்மதன். சும்மா விடுவாங்களா? பிடித்து மரத்தில் கட்டுகிறார்கள். யார் எதனால் செத்தாளோ அதையே அவனிடம் நீட்டுகிறாள். கத்தியால் செத்தவள் கத்தியைக் காட்டுகிறாள். அவன் அம்மா வீனஸும் வந்து, அவளும் சேர்ந்து அடிக்கிறாள். கடைசியில் அந்தப் பெண்களே பாவம் பார்த்து விட்டுவிடுகிறார்கள். அவன் பறந்து போகிறான். பார்த்தால் எல்லாமே கனவு.

ரெண்டு பேரும் பண்ணுவது ஒன்றுதான். பழைய கதைப் பெண்களைத் தனித்தனிக் கதையிலிருந்து வெளியே எடுத்து ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள். தனியாக இருந்தபோது "என் விதி" என்று இருந்தவள், கூட்டத்தில் நின்றதும் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறாள். ஆனால் அவ்சோனியஸ் எடுத்துக்கொண்டது எல்லாம் முடிந்து போனவர்களை. அவர்களுக்குக் கனவில் ஒரு ராத்திரி நியாயம் கிடைக்கிறது, விடிந்தால் இல்லை. திருமங்கையின் பெண்கள் கிளம்புகிற நிலையில் நிற்கிறார்கள். அவர்களைக் காட்டித்தான் இன்னொருத்தி கிளம்பப் போகிறாள்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. வரிசையில் நிற்கும் ஆறு பேரில் ஒருத்தியாவது மடல் ஏறினாளா? ஒருத்தியும் இல்லை! மடல் இந்தப் பக்கத்துச் சமாச்சாரம். பனை, எருக்கு, ஊர்த்தெரு, அலர் எல்லாமே அகக் கவிதைச் சரக்கு. வடக்கத்தி வழிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் ஏறுவது தெற்கத்திக் குதிரையில், அதுவும் தமிழ்க் கலிவெண்பாவில். அவளுக்கு வடக்கிலிருந்து வேண்டியது அனுமதிச் சீட்டு மட்டும்தான்.

கதையை எங்கே நிறுத்துவது

வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். தங்கச்சி அன்றைக்கு வரிசை கட்ட ஆரம்பித்தாள். "சித்தி லவ் மேரேஜ்தானே? பெரியப்பா பொண்ணு அவளே பார்த்துக்கிட்டாளே? மேல் வீட்டு அக்கா?" காதலுக்கு அனுமதி கேட்கிற எந்த வீட்டிலும் இந்த வரிசை வரும். நீங்களும் கட்டியிருப்பீங்க.

அம்மாவும் அதே வரிசையைத்தான் எடுத்தார். ஆனால் கதையை நிறுத்தவில்லை. "சித்தி போனா, சரி. அப்புறம் பிரசவத்துக்கு யார் வந்தா? மேல் வீட்டுப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா, உனக்குத் தெரியுமா?" ஒரே கதைதான். தங்கச்சி கிளம்புகிற இடத்தில் நிறுத்துகிறாள், அம்மா பத்து வருஷம் தள்ளி நிறுத்துகிறார். சண்டை முழுக்க அதைப் பற்றித்தான் நடந்தது. நான் அப்போதும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா பக்கமும் நியாயம் இருக்கு. சீதை நடந்தாள் என்பது உண்மை, அப்புறம் நெருப்பு வந்தது என்பதும் உண்மை. மடல் பாடியவருக்கும் இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஏன்னா பெரிய திருமடலில் ஏழாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவள் சாட்சி வரிசையில் இல்லை, குற்றப்பட்டியலில் இருக்கிறாள்: சூர்ப்பணகை.

காதலன் இன்னும் வரவில்லை என்றால், அவன் செய்ததை எல்லாம் ஊருக்கு முன்னால் போட்டு உடைப்பேன் என்கிறாள் நம்ம ஆள். வெண்ணெய் திருடினது எல்லாம் அதில் வருகிறது. அந்தப் பட்டியலில், ராமனாக இருந்தபோது தன்னை விரும்பி வந்த பெண்ணைக் கோபித்து மூக்கை அறுத்தானே என்றும் சொல்கிறாள். அந்த இடத்தில் சூர்ப்பணகை எப்படி வருகிறாள் என்று பாருங்கள். சினமும் கூர்மையான பல்லும் உள்ள அரக்கிதான். ஆனால் கூடவே, ஆசையால் உடம்பு பொன்னிறமாக மாறிச் சோர்ந்து போனவள். அந்தப் பொன்னிறம் நமக்குத் தெரிந்ததுதான். சங்கத் தலைவிக்கு வருகிற பசலை! ராமாயணத்து அரக்கிக்கு அகக் கவிதைத் தலைவியின் உடம்பைக் கொடுக்கிறார். வாய் திறந்து சொன்ன பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பழியை அவள் பக்கம் வைக்காமல், அறுத்தவன் பக்கம் வைக்கிறார்.

இதைப் படித்த ராத்திரி நான் ரொம்ப நேரம் தூங்கவில்லை.

சரி, இதற்கு மறுபக்கமும் சொல்லியாகணும். இந்தப் பெண் குரல் ஓர் ஆணுடையது. காதலன் கடவுள். கடவுளைக் காதலித்தால் வெட்கத்தை விடலாம் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். பெரியவாச்சான் பிள்ளை இந்த மடல்களுக்கு உரை எழுதினார், மரபு தலையில் வைத்துக் கொண்டாடியது. நம்மாழ்வாரும் திருவாய்மொழியில் பெண் குரலில் மடல் ஏறுவேன் என்று பாடியிருக்கிறார். ஆனால் பக்கத்துத் தெருப் பையனைக் காதலிக்கிற ஒரு நிஜப் பெண்ணுக்கு இதே சலுகை கிடைத்ததா? நான் அப்படி நம்பவில்லை. இவர்கள் நடுவில் ஆண்டாளுக்கு மட்டும் வேஷம் தேவைப்படவில்லை. நாச்சியார் திருமொழியை அவள் காமதேவனிடம் வேண்டுவதில்தான் ஆரம்பிக்கிறாள், தன் குரலிலேயே. ஆனால் அவளுக்கும் காதலன் கடவுள்தான்.

அப்படிப் பார்த்தால் இது பாதி அனுமதிதான். ஆனா பாதி அனுமதியை எடுத்துக்கொண்டு மீதியை வாதாடி வாங்குவது எப்படி என்று மடல்காரியைப் பார்த்துத்தான் கத்துக்கணும்.

நீர்மலை வரைக்கும்

கடைசியா ஒன்று. சிறிய திருமடலில், அவனைக் காணும்வரை ஊர் ஊராகப் போய் அவன் பெயரைச் சொல்லி அலைவேன் என்று இடங்களை அடுக்குகிறாள். அதில் கடல்மல்லை, இடவெந்தை, நீர்மலை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மாமல்லபுரம், கோவளம் தாண்டி இருக்கிற திருவிடந்தை, பல்லாவரம் பக்கத்துத் திருநீர்மலை. பைக் இருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்றையும் முடித்துவிடலாம். இதில் திருநீர்மலை இப்போது எங்களோடு தாம்பரம் மாநகராட்சியிலேயே இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் நின்றதால் மலை ஏற முடியாமல் திருமங்கை ஆழ்வார் ஆறு மாசம் காத்திருந்தார் என்று அந்தக் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரைப் பார்த்தவர்களுக்கு அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

இந்த அத்தியாயத்தின் குறிப்புகளை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இத்தனை பொண்ணுங்க வரிசையா போறாங்களே, இவங்க அம்மாங்க யாரும் அதுல வரலையா?" என்றார்.

போய்த் தேடினேன். சாட்சி வரிசையில் ஓர் அம்மாவும் இல்லை. ஆனால் பேசுகிற பெண்ணுக்குச் சிறிய திருமடலில் ஓர் அம்மா இருக்கிறார். மகளுக்கு என்ன ஆச்சு என்று புரியாமல் பயந்துபோய்ப் புழுதி எடுத்துக் காப்பு இடுகிறார், சாமிக்கு மாலை போடுகிறார். எதிலும் சரியாகவில்லை. பெரியவர்கள் சொல்லிக் கட்டுவிச்சி வந்து, முறத்தில் நெல்லை வைத்துக் குறி பார்க்கிறாள்.

எங்கம்மாவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை ஜோசியரிடம் போனவர்தான். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பாவம், அவளும் என்னதான் பண்ணுவா" என்றார். அது மடலில் வரும் அம்மாவையா, தன்னையா, தெரியாது. அப்புறம், "அந்தப் பையனை ஒரு நாள் வரச் சொல்லு. நீ இல்ல, அவளே கூப்பிடட்டும்" என்றார்.

அடுத்த வாரம் வருகிறார். நான் நுங்கு வாங்கி வைக்கப் போறேன். மட்டையைத் தொட மாட்டேன்.

உங்க வீட்டில் கட்டின வரிசையில் யாரெல்லாம் இருந்தாங்க, கதையை யார் எங்கே நிறுத்தினாங்க என்று குரல் பதிவில் அனுப்புங்க. பெயர் சொல்ல வேண்டாம். அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.